பாய்மரப் படகின் உராய்வுக் காப்புக் கட்டை

உராய்வுக் காப்புக் கட்டை என்பது படகின் உடற்பகுதிக்கு வெளியே, மேல்தளம் சேரும் விளிம்பை ஒட்டி, முன்முனையிலிருந்து பின்முனை வரை நீளவாக்கில் பொருத்தப்படும் பட்டையான கட்டை ஆகும். படகு துறையிலோ மற்றொரு கலத்திலோ உரசும்போது, அந்த உரசலை முதலில் ஏற்று உடற்பகுதியைக் காப்பது இதன் பணி. சுருக்கமாக இது காப்புக் கட்டை எனப்படுகிறது. மரம், உலோகம், ரப்பர், வினைல் ஆகியவற்றில் ஒன்றாலோ இரண்டு சேர்ந்தோ இது செய்யப்படுகிறது. காப்புக் கட்டை தேய்வதற்காகவே வைக்கப்படும் உறுப்பு. ஆகையால் பழைய பாய்மரப் படகுகளில் இதைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் வழக்கமான பராமரிப்பு வேலைகளில் ஒன்று. இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் கட்டையோடு நிற்க வேண்டிய சேதம் படகின் உடலுக்குள் சென்றுவிடும்.

அமைப்பும் இடமும்

தமிழகக் கடற்கரையில் படகின் முன்பகுதி அணியம் என்றும், அடிமரம் ஏரா என்றும், உட்புற விலாச்சட்டங்கள் வங்கு என்றும் அழைக்கப்படுகின்றன. வங்குகளின் மேல் வெளிப்பக்கமாகப் பலகைகள் அடுக்கிப் பொருத்தப்படுகின்றன. இவற்றுள் மேல்வரிசைப் பலகையின் வெளிப்புறத்தில் காப்புக் கட்டை அமைகிறது. பெரிய கலங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு அல்லது மூன்று கட்டைகள் இருப்பதும் உண்டு.

1960-களுக்குப் பின் உலகெங்கும் பெருகிய கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகளில் இதன் அமைப்பு சற்று வேறானது. அவற்றில் உடலும் மேல்தளமும் தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு, பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. சில படகுகளில் இரு பகுதிகளின் விளிம்புகளும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு இணைகின்றன. வேறு சிலவற்றில் செருப்புப் பெட்டியின் மூடியைப் போல மேல்தளத்தின் விளிம்பு உடலின் மேல் கவிழ்கிறது. இந்த இரண்டு வகையிலும் இணைப்புக் கோடு வெளியே தெரியும். அக்கோட்டை மூடிக்கொண்டுதான் காப்புக் கட்டை செல்கிறது. எனவே கண்ணாடியிழைப் படகில் காப்புக் கட்டை தளர்ந்தால், உரசலோடு நீர்க்கசிவும் கவலைக்குரியதாகிறது.

பணிகள்

காப்புக் கட்டையின் பணிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, உரசலை ஏற்றல். அலையில் ஏறி இறங்கும் படகு, அசையாத துறைச்சுவரில் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. ஒவ்வோர் உரசலும் சிறியதே. அவை ஒரே இடத்தில் விழுவதால் அந்த இடம் அரம் போட்டு அராவியது போலத் தேய்கிறது.

இரண்டாவது, மோதலைப் பரப்புதல். ஒரு புள்ளியில் விழும் அடியை நீண்ட கட்டை பல வங்குகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அதனால் தனிப்பலகை உடைவது தவிர்க்கப்படுகிறது.

மூன்றாவது, விறைப்பு அளித்தல். மரப்படகுகளில் மேல்விளிம்பு நீளவாக்கில் நெளியாமல் இருக்க இக்கட்டை துணைபுரிகிறது.

நான்காவது, இணைப்பை மூடுதல். மேலே கூறியவாறு உடல், மேல்தளம் ஆகியவற்றின் இணைப்புக் கோட்டை நீரிலிருந்தும் வெயிலிலிருந்தும் இது மறைக்கிறது.

மலைச்சரக்கும் தூத்துக்குடித் தோணிகளும்

கடலிலிருந்து வெகுதூரத்தில், ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூருக்கும் படகின் காப்புக் கட்டைக்கும் தொடர்பு இல்லை என்றே தோன்றும். ஆனால் மலைச்சரக்கின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் அத்தொடர்பு விளங்கும்.

மூணாறு பகுதியின் தேயிலையைச் சமவெளிக்கு இறக்க, 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908-இல் அது சிறு ரயில்பாதையாக மாற்றப்பட்டது. அப்பாதை டாப் ஸ்டேஷனில் முடிந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கும் இழுவை ஊர்தி மூலம் பெட்டிகள் மலையடிவாரமான கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. பின்னர் அவை மாட்டுவண்டிகளில் போடிநாயக்கனூர் சென்று, அங்கிருந்து துறைமுகங்களை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் குண்டளை ரயில்பாதை அழிந்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது அதன் பிறகு, 1928-இல்.

தென்தமிழகச் சரக்குக்குப் பெரிய துறையாக விளங்கியது தூத்துக்குடி. ஆனால் அங்குக் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைக் கொண்டுசென்றவை பாய்மரத் தோணிகள். நடுக்கடலில், ஓயாமல் அசையும் இரும்புக் கப்பலின் பக்கத்தில், அதுவும் அசைந்துகொண்டிருக்கும் மரத்தோணியை அணைத்துக் கட்டித்தான் மூட்டைகளும் பெட்டிகளும் ஏற்றி இறக்கப்பட்டன. அந்த நேரம் முழுவதும் மரமும் இரும்பும் ஒன்றையொன்று உரசின. இரும்புக்கும் தோணியின் பலகைக்கும் நடுவில் இருந்தது பக்கக் கட்டையும், அதன்மேல் தொங்கவிடப்பட்ட கயிற்றுப் பந்துகளுமே. கட்டை போய்விட்டால் அடுத்து உடைவது பலகை. பலகை உடைந்தால் நனைவது உள்ளிருக்கும் சரக்கு.

1974-இல் தூத்துக்குடி புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் நேராகத் துறையை அணைந்ததும் கப்பலுக்குச் சரக்கு கொண்டுசெல்லும் வேலை தோணிகளிடமிருந்து விலகியது. ஆயினும் பழைய துறைமுகத்திலிருந்து கொழும்பு, மாலத்தீவு ஆகிய இடங்களுக்குத் தோணி வணிகம் தொடர்ந்தது. பாய்மரத்தின் இடத்தில் இயந்திரம் வந்தது. மரவுடலும் பக்கக் கட்டையும் மாறவில்லை.

பயன்படும் மரங்கள்

காப்புக் கட்டைக்குரிய மரத்தில் நான்கு பண்புகள் எதிர்பார்க்கப்படுகின்றன: உரசலைத் தாங்கும் கடினம், நீரில் அழுகாமை, படகின் வளைவுக்கு ஏற்ப வளையும் தன்மை, நீண்ட நேரான இழை. நான்கும் முழுமையாக ஒரே மரத்தில் கிடைப்பது அரிது.

தேக்கு: இயற்கையான எண்ணெய்ப் பசை உடையது. அழுகலையும் கறையானையும் எதிர்க்கும். சுருங்கி விரிதல் குறைவு. நீராவியில் வளைப்பதற்கு மட்டும் அவ்வளவு இணங்காது. மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் கட்டப்பட்டு 1817-இல் நீரில் இறக்கப்பட்ட டிரிங்கோமலி என்னும் பாய்மரப் போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்த நிலையில் காட்சிக்கு உள்ளது. தேக்கின் உழைப்புக்கு இது தக்க சான்று.

அயினி: ஆஞ்சிலி என்றும் அழைக்கப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் வளரும் காட்டுப்பலா இனம். கேரளத்தின் சுண்டன் வள்ளங்கள் பெரும்பாலும் இம்மரத்தால் ஆனவை. தேக்கைவிட எளிதில் நீண்ட பலகையாகக் கிடைக்கும்.

காட்டுப்புன்னை: மலைக்காடுகளில் நெடுநெடுவென்று வளரும் புன்னை இனம். பாய்மரக் காலத்தில் கொடிமரத்துக்கும் பருமலுக்கும் பெரிதும் விரும்பப்பட்டது. நேரான இழை இதன் சிறப்பு.

வேங்கை, இலுப்பை, வாகை: தமிழகக் கடற்கரைக் கலங்களில் பல உறுப்புகளுக்குப் பயன்பட்டவை. வங்குகளுக்கு இயற்கையாகவே வளைந்த கருவேலங் கிளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ஏலமலையின் இரு பக்கங்களும் மரவகையில் ஒன்றல்ல. போடிப் பக்கத்துச் சரிவு மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் அங்கு வறண்ட இலையுதிர் காடுகளே மிகுதி. உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கினால் ஈரமான பசுமைக்காடு தொடங்குகிறது. ஏலச்செடிக்கு நிழல் இன்றியமையாதது என்பதால், ஏலத்தோட்டங்களிலும் உயர்ந்த காட்டு மரங்கள் விட்டுவைக்கப்பட்டுள்ளன. ஒரு மரத்தை வெட்டினால் அதன் கீழ் உள்ள ஏலமும் வாடும். இன்று தேக்கு முதலிய மரங்களை வெட்டவும் கொண்டுசெல்லவும் அரசின் கட்டுப்பாடுகள் உள்ளன. எனவே பழுது வேலைக்கு மரம் வாங்குவோர் உரிய ரசீது உள்ள மரத்தையோ, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்தையோ நாடுவது நல்லது. பல ஆண்டுகள் உலர்ந்த பழைய தேக்கு உத்திரம், புதிதாக அறுத்த மரத்தைவிடக் காப்புக் கட்டைக்குப் பொருத்தமானது. அதில் ஆணித்துளை உள்ள பகுதிகளை மட்டும் கழித்துவிட வேண்டும்.

தேய்மானமும் அதன் காரணங்களும்

காப்புக் கட்டை கெடுவதற்கு உரசல் ஒன்றே காரணம் அன்று.

நன்னீர் தேங்குதல்: பலரும் எண்ணுவதற்கு மாறாக, மரத்தை விரைவில் அழுகச் செய்வது மழைநீரே. அழுகலுக்குக் காரணமான பூஞ்சைகள் உப்புநீரை அவ்வளவாக விரும்புவதில்லை. கட்டையின் மேல்விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலான மயிரிழை இடைவெளியில் மழைநீர் தங்கினால், வெளியே நன்றாகத் தெரியும் கட்டை உள்ளே மாவாகிவிடும்.

வெயில்: புற ஊதாக் கதிர்கள் வார்னிஷைச் செதிலாக உரிக்கின்றன. வினைல் பட்டை நிறம் மங்கி, இறுகி, வெடிக்கிறது.

ஆணிகளின் அரிமானம்: வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் ஒன்று விரைந்து கரையும். இது மின்வேதி அரிமானம். பித்தளைத் திருகாணியில் உள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்து வெளியேறிவிடும். எஞ்சும் செம்பு பார்வைக்கு முழுதாக இருந்தாலும் வலுவற்றது, திருகினால் முறிந்துவிடும்.

விரிதலும் சுருங்குதலும்: மரம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். உடல் கண்ணாடியிழையாக இருந்தால் அது அவ்வாறு அசையாது. இந்த வேறுபாடு ஆண்டுதோறும் பசையை அறுக்கிறது.

ஆய்வு செய்தல்

ஒரு கட்டையை மாற்றுவதா, சீர்செய்வதா என்பதை முடிவு செய்யுமுன் பின்வரும் சோதனைகள் செய்யப்படுகின்றன.

1. சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை தட்டுதல். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். அழுகிய மரம் மந்தமாக ஒலிக்கும்.
2. கூரான கம்பியால் மேல்விளிம்பு, இணைப்புகள், ஆணித்தலைகளின் ஓரம் ஆகியவற்றைக் குத்திப் பார்த்தல். கம்பி எளிதில் இறங்கினால் அங்கு அழுகல் உள்ளது.
3. திருகாணிகளில் இரண்டு மூன்றை வெவ்வேறு இடங்களில் கழற்றிப் பார்த்தல். ஒன்று கெட்டிருந்தால் மற்றவையும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும்.
4. உட்புறத்திலிருந்து நீர்க்கறையைத் தேடுதல். வெளியே குழாய்நீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சினால் கசியும் இடம் தெரியும். மேலிருந்து பாய்ச்சினால் எங்கே கசிகிறது என்று பிரித்தறிய முடியாது.

கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தாலும், ஆணித்தலைகள் வெளியே தெரிந்தாலும், அழுகல் பல இடங்களில் பரவியிருந்தாலும் முழுக்கட்டையையும் மாற்றுவது சிக்கனமானது. சேதம் ஒரே இடத்தில் இருந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதியதைச் சேர்க்கலாம். மேற்பரப்பு மட்டும் கருத்தும் கீறலுற்றும் இருந்தால் உப்புத்தாள் போட்டு மெருகேற்றினாலே போதும்.

மீளமைக்கும் முறை

கட்டை உறுதியாக இருந்து மேற்பரப்பு மட்டும் கெட்டிருந்தால், பழைய வார்னிஷ் முழுவதும் சுரண்டி எடுக்கப்படுகிறது. பின்னர் முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மென்மையான உப்புத்தாள் வரை இழையின் திசையிலேயே தேய்க்கப்படுகிறது. இழைக்குக் குறுக்கே தேய்த்தால் வார்னிஷ் பூசியபின் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

சிறு பள்ளங்களை எபாக்சியோடு மரத்தூள் குழைத்து நிரப்பலாம். ஒரு விரற்கடைக்கு மேல் ஆழமான பள்ளங்களில் மரத்துண்டு பதித்தல் நல்லது. பதிக்கும் துண்டின் இரு முனைகளும் சரிவாக இருக்க வேண்டும். சதுரமாக வெட்டிப் பதித்த துண்டு, அடுத்த மோதலில் முனை தூக்கி வெளியே வந்துவிடும்.

மாற்றும் முறை

பழைய கட்டையைக் கழற்றுதல்: திருகாணித் தலைகளை மூடியிருக்கும் மர அடைப்புகளை முதலில் உளியால் எடுக்க வேண்டும். திருகாணி சுழலாவிட்டால், சூடேற்றிய பற்றவைப்புக் கோலின் முனையை அதன் தலைமேல் சிறிது நேரம் வைத்தால் பிடி தளரும். நெம்புகோலை நேரடியாக உடலின்மேல் ஊன்றக் கூடாது. இடையில் மெல்லிய பலகைத் துண்டு வைக்க வேண்டும். பழைய கட்டை உடைந்து வந்தாலும் துண்டுகளை எறிந்துவிடக் கூடாது. வளைவு, கனம், துளைகளின் இடைவெளி ஆகிய அனைத்துக்கும் அதுவே அளவுமாதிரி.

உடலைச் சீர்செய்தல்: வேலையின் மிக முக்கியமான பகுதி இதுவே. கட்டை நீங்கிய இடத்தில் பழைய பசை முழுவதையும் சுரண்ட வேண்டும். பழைய துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, உலரவிட்டு, கெட்டியான எபாக்சியால் நிரப்ப வேண்டும். கண்ணாடியிழைப் படகில் உடல், மேல்தளம் ஆகியவற்றின் இணைப்பில் பிளவு இருந்தால் கட்டையைப் பொருத்துமுன் அதைச் சரிசெய்ய வேண்டும். மரப்படகில் மேல்வரிசைப் பலகை, வங்குகளின் தலைகள் இரண்டையும் குத்திச் சோதிக்க வேண்டும். அழுகிய வங்கின் மேல் புதிய கட்டையைத் திருகுவது, கரையான் அரித்த நிலையில் புதுக்கதவு மாட்டுவது போன்றது.

நீளம் சேர்த்தல்: எட்டு மீட்டர்ப் படகுக்கு ஒரே துண்டாகக் கட்டை கிடைப்பது அரிது. ஆகவே துண்டுகள் சாய்வெட்டு இணைப்பில் சேர்க்கப்படுகின்றன. கட்டையின் கனத்தைப்போல் எட்டு மடங்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை சாய்வின் நீளம் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 25 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டைக்கு 200 முதல் 300 மில்லிமீட்டர் நீளச் சாய்வு தேவை. சாய்வின் வெளித்தெரியும் முனை பின்பக்கத்தை நோக்கி இருக்குமாறு அமைக்க வேண்டும். அப்போதுதான் படகு முன்செல்லும்போது துறையின் ஆணியோ கயிறோ முனையில் மாட்டிப் பெயர்க்காது. இடக்கட்டையின் இணைப்பும் வலக்கட்டையின் இணைப்பும் நேருக்கு நேராக வராமலும், மிகுந்த வளைவுள்ள அணியப் பகுதியில் இணைப்பு விழாமலும் பார்த்துக்கொள்வது மரபு.

வளைத்தல்: அணியத்துக்கு அருகில் கட்டை வளைய வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நீராவிப் பெட்டியில் வேகவைத்தல். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு. பெட்டியிலிருந்து எடுத்த கட்டை ஓரிரு நிமிடங்களில் விறைத்துவிடும். அதற்குள் உடலோடு வைத்து இறுக்கிகளால் பிடித்துவிட வேண்டும். மற்றொன்று, 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எபாக்சியில் ஒட்டி வளைத்தல். நீராவிக்கு எளிதில் இணங்காத தேக்குக்கு இரண்டாம் முறை ஏற்றது.

ஒத்திகை: பசை தடவுமுன் கட்டை முழுவதையும் இறுக்கிகளால் பிடித்து, துளையிட்டு, திருகாணிகளைப் பாதியளவு செலுத்திப் பார்க்க வேண்டும். பொருத்துவது நடுவிலிருந்தோ அணியத்திலிருந்தோ தொடங்கி ஒரே திசையில் செல்ல வேண்டும். இரு முனைகளிலிருந்தும் தொடங்கினால் நடுவில் கட்டை புடைத்து நிற்கும். ஒத்திகைக்குப் பின் கழற்றி, தூசி துடைத்து, கட்டையின் உட்பக்கத்துக்கும் துளைகளுக்கும் ஒரு கை எபாக்சியோ வார்னிஷோ பூச வேண்டும். பிறகு அந்தப் பக்கத்துக்குத் தூரிகை செல்ல வழியே இல்லை. தேக்காக இருந்தால் எபாக்சி பூசுமுன்னும், அடுத்துப் பசை தடவுமுன்னும் அதன் எண்ணெய்ப் பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

பசையும் திருகாணியும்: கட்டைக்கும் உடலுக்கும் இடையே நெகிழும் தன்மையுள்ள அடைப்புப் பசை தடவப்படுகிறது. மரத்துக்குப் பாலிசல்பைடு வகை பொருத்தமானது. மிகக் கடினமாக ஒட்டும் பாலியூரித்தேன் வகையைப் பயன்படுத்தினால், அடுத்த முறை கட்டையை எடுக்கையில் உடலின் மேற்பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். சிலிகான் வகையின் மேல் வார்னிஷும் பெயின்ட்டும் ஒட்டாது. சிலிகான் வெண்கலத் திருகாணிகளோ, 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளோ ஏற்றவை. முதல் சுற்றில் திருகாணிகளை முழு இறுக்கமாக முடுக்கக் கூடாது. முடுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, உள்ளே ஒன்றும் மிஞ்சாது. விளிம்பில் பசை சீராகப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கி, பசை இறுகியபின் கால் சுற்று சேர்த்து இறுக்குவது வழக்கம்.

முடிப்பு: திருகாணித் தலைகள் மேற்பரப்புக்குக் கீழே பதிந்திருக்க வேண்டும். அப்பள்ளங்களை அதே மரத்தால் ஆன வட்ட அடைப்புகளால், இழை ஒரே திசையில் அமையுமாறு மூட வேண்டும். கட்டையின் மேல்முகத்தை இழைப்புளியால் வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இழைத்தால் மழைநீர் தங்காமல் வழியும். அதிகம் உரசும் இடங்களில் கட்டையின் வெளிமுகத்தில் அரைவட்டத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையோ வெண்கலப் பட்டையோ பொருத்தப்படுகிறது.

வினைல் பட்டை மாற்றுதல்

கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் அலுமினியத் தடத்துக்குள் வினைல் பட்டை செருகப்பட்டிருக்கும். புதிய பட்டையை வெந்நீரில் ஊறவைத்தோ வெயிலில் கிடத்தியோ இளக்கினால் எளிதில் செருகலாம். செருகும்போது இழுத்து நீட்டக் கூடாது. குளிர்ந்தபின் அது சுருங்கி முனையில் இடைவெளி விடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மிகுதியாக விட்டு, ஓரிரு நாள் கழித்து வெட்டுவது பாதுகாப்பானது. அலுமினியத் தடத்தை எஃகுத் திருகாணியால் பொருத்தும் இடங்களில் மின்வேதி அரிமானம் நிகழாதிருக்கத் திருகாணியின் மேல் அடைப்புப் பசை தடவப்படுகிறது.

மரபுக் கலங்களில் செய்யும் முறை

தோணிகளிலும் வள்ளங்களிலும் பலகை இடைவெளிகளை அடைக்கும் வேலை கலப்பத்து எனப்படுகிறது. பஞ்சுத்திரியை எண்ணெயில் தோய்த்து, தட்டையுளியாலும் கொட்டாப்புளியாலும் இடைவெளிக்குள் செலுத்தி, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கலவையைப் பூசுவர். பக்கக் கட்டையைக் கழற்றும்போது அதன் பின்னுள்ள இடைவெளியில் பழைய கலப்பத்தை எடுத்துப் புதிதாக இடுவது வழக்கம். கட்டையை மாட்டியபின் அவ்விடத்தை எட்ட முடியாது என்பதே காரணம். இன்று பல படகுகளில் கட்டையின்மேல் பழைய டயர்களும் கட்டித் தொங்கவிடப்படுகின்றன. இவை மலிவானவை, நன்கு உழைப்பவை. ஆனால் டயருக்குப் பின்னால் ஈரம் தங்குவதால் அவ்வப்போது இடம் மாற்றிக் கட்ட வேண்டும்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுது பார்க்கப்படுவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். காற்றில் ஈரம் குறைந்த நாட்களில் பசையும் வார்னிஷும் நன்கு பிடிப்பதால், பாய்மரப் படகு வைத்திருப்போருக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய மாதங்களே ஏற்றவை. நண்பகல் வெயிலில் மட்டும் வார்னிஷ் பூசக் கூடாது. மேற்பரப்பு விரைந்து காய்ந்து கொப்புளம் எழும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை வார்னிஷ் மெல்லப் புதுப்பித்தல், மேல்விளிம்புப் பசையில் பிளவு தெரிந்தால் உடனே அடைத்தல், கடற்பயணத்துக்குப் பின் நன்னீரால் கழுவி உலரவிடுதல், துறையில் கட்டும்போது தொங்கு மெத்தைகளை உரிய உயரத்தில் இடுதல் ஆகியவை காப்புக் கட்டையின் ஆயுளை நீட்டிக்கும். வார்னிஷ் இல்லாமல் தேக்கை அப்படியே விடுவதும் ஏற்கத்தக்க முறையே. அது சாம்பல் நிறம் அடையும், உறுதி குறையாது. பாதி உரிந்த வார்னிஷோடு விடுவதுதான் கெடுதல். ஈரம் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடும்.

பாதுகாப்பு

எபாக்சி, அசிட்டோன் ஆகியவற்றைக் காற்றோட்டமான இடத்தில் கையுறை அணிந்து கையாள வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். கண்ணாடியிழையைத் தேய்க்கும்போதும் பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதும் முகக்கவசமும் கண்ணாடியும் தேவை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். தேக்குத்தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலர்த்தியோ நீரில் அமிழ்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும்.

முக்கியத்துவம்

காப்புக் கட்டை படகின் உறுப்புகளுள் எளியது. கழற்றவும் மாற்றவும் கூடியதாகவே அது வைக்கப்படுகிறது. அதன் செலவு ஒரு பலகையையோ வங்கையோ மாற்றும் செலவில் சிறு பகுதியே. ஆயினும் இவ்வேலையில் மரத்தேர்வு, சாய்வெட்டு, நீராவி வளைப்பு, கலப்பத்து எனப் படகுத் தச்சின் அடிப்படைகள் பலவும் அடங்கியுள்ளன. கண்ணாடியிழைப் படகுகள் பெருகியதால் இத்தொழிலைக் கற்கும் இளைஞர்கள் குறைந்து வருகின்றனர். ஒரு பழைய படகின் பக்கக் கட்டையைத் தேர்ந்த தச்சருடன் இருந்து மாற்றிப் பழகுவது, அத்தொழிலைக் கற்கத் தொடங்குபவருக்கு நல்ல முதற்பாடமாக அமையும்.